அமெரிக்கப் பழங்குடி அரசுக்காகக் கொள்கை ஆய்வு செய்வது எப்படி: தீர்மானம் முதல் சட்ட வரைவு வரை

அமெரிக்காவில் ஒரு பழங்குடி அரசின் திட்டப் பிரிவில் வேலைக்குச் சேருபவர்களுக்கும், பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுத் துணைக்கு அழைக்கப்படுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி. இந்த வேலையில் தடுமாறுபவர்களில் பெரும்பாலோர் புள்ளியியலில் தேறியவர்கள்தான். வேலையின் வரிசைதான் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கேள்வியைத் தாங்களே எழுதி, தரவையும் திரட்டிவிட்டு, கடைசியில் அனுமதி கேட்டுப் போய் நிற்கிறார்கள். இங்கே முதலில் அதிகாரம், அடுத்து கேள்வி, பிறகு ஒப்பந்தம். தரவு அதற்கும் பின்னால்தான்.

விளக்கத்துக்கு ஒரே கேள்வியைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: மாநில நீதிமன்றங்களில் நடக்கும் சிறார் பாதுகாப்பு வழக்குகளில் எத்தனை பழங்குடி நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகின்றன, மாற்றப்படாதவை ஏன் அங்கேயே நிற்கின்றன? 1978-இன் இந்தியச் சிறார் நலச் சட்டத்தின் கீழ் பழங்குடி அரசுகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. (அமெரிக்கச் சட்டமொழியில் ‘இந்தியர்’ என்பது அந்நாட்டுப் பழங்குடியினரைக் குறிக்கும்.)

தொடங்கும் முன் தேவைப்படுபவை

முதல் தேவை மனதில் ஒரு திருத்தம். இந்தியாவில் பட்டியல் பழங்குடி என்பது அரசியலமைப்பின் கீழ் அறிவிக்கப்படும் ஒரு வகைப்பாடு. அந்தப் பழக்கத்தில் அமெரிக்கப் பழங்குடிகளையும் ‘நலத்திட்டப் பயனாளிகள்’ என்று நினைத்துவிடுகிறோம். அங்கே கூட்டாட்சி அரசு அங்கீகரித்த 570-க்கும் மேற்பட்ட பழங்குடிகள் ஒவ்வொன்றும் ஓர் அரசு. சட்டம் இயற்றும், வரி விதிக்கும். பலவற்றுக்குச் சொந்த நீதிமன்றமும் காவல்துறையும் உண்டு. அந்த உறவு இனம் சார்ந்ததல்ல, அரசியல் சார்ந்தது என்று 1974-இல் மார்ட்டன் எதிர் மன்காரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் இதை நினைவில் வைத்து எழுதப்பட வேண்டும்.

அடுத்து ஆவணங்கள்: அந்த அரசின் அரசியலமைப்பு, சட்டத் தொகுப்பு, மன்றத்தின் (அந்த அரசின் சட்டமியற்றும் அவையின்) கடந்த இரண்டு ஆண்டுத் தீர்மானங்கள், தொடர்புடைய உடன்படிக்கைகள், மன்றக் கூட்ட நாட்காட்டி, அடுத்த தேர்தல் தேதி. எழுதப்பட்ட அரசியலமைப்பு எல்லாரிடமும் இருக்காது. மிகப் பெரிய பழங்குடி அரசுகளில் ஒன்றான நவஹோ நேஷன் அப்படி ஒன்று இல்லாமலே, தன் சட்டத் தொகுப்பைக் கொண்டு ஆட்சி நடத்துகிறது. எழுத்தில் இல்லாததைக் குறையாகக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது ஆட்கள்: பழங்குடி அரசின் வழக்கறிஞர், உறுப்பினர் பதிவு அலுவலர், துறைத் தலைவர், மன்றத்தில் இந்த ஆய்வை முன்வைக்கும் ஓர் உறுப்பினர். இந்த நால்வரில் ஒருவர் இல்லையென்றாலும் வேலை பாதியில் நின்றுவிடும்.

1. யார் ‘சரி’ சொன்னால் அது அரசின் ‘சரி’ என்று கண்டறியுங்கள்

துறைத் தலைவர் மின்னஞ்சலில் வரவேற்றார், தலைவர் கைகுலுக்கினார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. பெரும்பாலான பழங்குடி அரசுகளில் மன்றத் தீர்மானமே அரசின் குரல். சிலவற்றில் அந்த அதிகாரம் ஒரு குழுவிடமோ ஆய்வுப் பரிசீலனை வாரியத்திடமோ ஒப்படைக்கப்பட்டிருக்கும். சட்டத் தொகுப்பில் ‘ஆய்வு’, ‘தரவு’, ‘பண்பாட்டு வளங்கள்’ என்ற தலைப்புகளைத் தேடினால் விடை கிடைக்கும்.

தீர்மானம் எண்ணோடும் தேதியோடும் கையில் வரும்வரை ஒருவரையும் நேர்காணாதீர்கள். அப்போதிருந்த தலைவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பிச் சில ஆய்வாளர்கள் வேலையைத் தொடங்குவார்கள். நடுவில் தேர்தல் வரும். புதிய மன்றத்தின் பார்வையில் அந்த ஆய்வுக்கு அடிப்படையே இராது. ஆட்கள் மாறினாலும் தீர்மானம் பதிவேட்டில் இருக்கும்.

மன்றத்தின் முன் வைக்கவேண்டிய தாள்களைக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு தர வேண்டும் என்று மன்றச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தவறினால் பெரும்பாலும் அடுத்த மாதக் கூட்டம்தான். நிதி வழங்கும் நிறுவனத்தின் கடைசித் தேதியை மட்டும் பார்த்து அட்டவணை போட்டவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

2. கேள்வியை அவர்கள் வைக்கட்டும்

துறைத் தலைவரிடமும் நீதிமன்ற எழுத்தரிடமும் கேட்க வேண்டியது இதுதான்: ‘இந்த ஆய்வு முடிந்ததும் மன்றம் எதன்மேல் வாக்களிக்கப்போகிறது?’ புதிய சட்டப் பிரிவா, வரவுசெலவில் ஒரு பணியிடமா, மாநிலத்தோடு ஓர் உடன்பாடா? விடை வரவில்லை என்றால் கேள்வி இன்னும் கனியவில்லை.

நம் எடுத்துக்காட்டில் ‘பழங்குடிச் சிறார் ஏன் அதிகமாக வளர்ப்பு இல்லங்களுக்குப் போகிறார்கள்’ என்று கேட்டால் முந்நூறு பக்க அறிக்கை எழுதலாம். அதை வைத்து மன்றம் ஒன்றும் செய்ய இயலாது. ‘வழக்கு மாற்றக் கோரிக்கைகள் தாக்கல் செய்ய இன்னொரு வழக்கறிஞர் பணியிடம் வேண்டுமா’ என்று கேட்டால் வாக்கெடுப்புக்கு வழி பிறக்கும்.

3. அதிகார வரம்பை வரைந்துகொள்ளுங்கள்

தரவைத் தொடும் முன் ஒரே தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: இந்த விஷயத்தில் பழங்குடி அரசுக்கு என்ன அதிகாரம், மாநிலத்துக்கு என்ன, கூட்டாட்சிக்கு என்ன. இதைச் செய்யாததால்தான் பல அறிக்கைகள் பழங்குடி அரசால் செய்ய முடியாததைப் பரிந்துரைக்கின்றன. அதைவிட மோசம், அதனால் செய்ய முடிந்ததை மாநிலத்திடம் கெஞ்சச் சொல்வது.

எங்கே நடந்தது: நிலம் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் உள்ள அறக்கட்டளை நிலமா, தனியார் பட்டா நிலமா? 1887-இன் நிலப் பங்கீட்டுச் சட்டத்துக்குப் பின் பல ரிசர்வேஷன்களில் (பழங்குடிக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளில்) இரண்டும் மாறிமாறிக் கிடக்கின்றன. பட்டா நிலத்தில் உறுப்பினர் அல்லாதவர்மீது பழங்குடி அரசுக்குள்ள சிவில் அதிகாரத்தை 1981-இன் மான்டானா தீர்ப்பு இரண்டு விதிவிலக்குகளோடு குறுக்கியது.

எந்த மாநிலம்: 1953-இன் பொதுச் சட்டம் 280 கலிஃபோர்னியா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா, ஓரிகன், விஸ்கான்சின் மாநிலங்களுக்கும், பின்னர் அலாஸ்காவுக்கும், பழங்குடி நிலங்களில் குற்றவியல் அதிகாரத்தையும் குறிப்பிட்ட சிவில் அதிகாரத்தையும் கொடுத்தது. மின்னசோட்டாவில் ரெட் லேக், ஓரிகனில் வார்ம் ஸ்பிரிங்ஸ் போன்றவை இதற்கு விலக்கு. வேறு சில மாநிலங்கள் பிறகு தாமாகவே முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்றுக்கொண்டன. அதனால் மாநிலப் பெயரை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

யார் சம்பந்தப்பட்டார்: சிறார் நலச் சட்டத்தின்படி ரிசர்வேஷனில் குடியிருக்கும் குழந்தையின் வழக்கில் பழங்குடி நீதிமன்றத்துக்கே தனி அதிகாரம், கூட்டாட்சிச் சட்டப்படி மாநிலத்துக்கு அதிகாரம் தரப்பட்ட இடங்கள் இதில் அடங்கா. வெளியே வசிக்கும் குழந்தையின் வழக்கை, பெற்றோர் மறுக்காதபோதும் தகுந்த எதிர்க்காரணம் இல்லாதபோதும், மாநில நீதிமன்றம் மாற்றித் தர வேண்டும். ஹாலண்ட் எதிர் பிராக்கீன் வழக்கில் 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆக ரிசர்வேஷன் வழக்குகளையும் வெளி வழக்குகளையும் ஒரே கூட்டலில் போட்டால், அந்த எண் எதையும் சொல்லாது.

இந்தத் தாளைப் பழங்குடி அரசின் வழக்கறிஞர் படித்துத் திருத்திய பிறகே அடுத்த படிக்குப் போங்கள். தீர்ப்புகள் மாறுகின்றன. ஓக்லஹோமாவில் ரிசர்வேஷன் நிலத்தில் நடக்கும் குற்றங்களுக்கு வழக்குத் தொடர்வதில் 2020-இல் மக்கர்ட் தீர்ப்பு மாநிலத்தின் கையைக் கட்டியது. 2022-இல் காஸ்ட்ரோ-உவெர்ட்டா தீர்ப்பு அதில் ஒரு பகுதியை அவிழ்த்துவிட்டது.

4. தரவு ஒப்பந்தம்: மிக நிதானமாகச் செய்ய வேண்டிய படி

ஒப்பந்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அரிசோனாவின் ஹவசுப்பாய் மக்களின் அனுபவம் சொல்லும். 1990-களின் தொடக்கத்தில் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி அவர்கள் இரத்தம் கொடுத்தார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு நோய், அவர்களுடைய முன்னோரின் இடப்பெயர்வு போன்ற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டன. வழக்குக்குப் பின் 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது. நவஹோ நேஷன் 2002-லேயே தன் எல்லைக்குள் மரபணு ஆய்வை நிறுத்திவைத்துவிட்டது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- உரிமை: மூலத் தரவு, சுத்தம் செய்த தரவு, பகுப்பாய்வு நிரல் ஆகிய மூன்றும் பழங்குடி அரசுக்குச் சொந்தம். ‘தரவு’ என்று மட்டும் எழுதினால் நிரல் பல்கலைக்கழகத்தோடு போய்விடும். அடுத்த ஆண்டு அதே கணக்கைப் பழங்குடி அரசால் போட முடியாது.
- நோக்கம்: இந்த ஒரு கேள்விக்கு மட்டும். வேறு கேள்விக்குப் பயன்படுத்தப் புதிய தீர்மானம் வேண்டும். ‘தொடர்புடைய ஆய்வுகளுக்கும்’ என்ற சொற்கள் வரைவில் இருந்தால் அடித்துவிடுங்கள்.
- இருப்பிடம்: தரவு பழங்குடி அரசின் கணினியில் இருக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தின் கணினியில் இருப்பது மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்துக்குள் வரக்கூடும்.
- வெளியீடு: எந்தக் கட்டுரையும் முன்கூட்டியே பழங்குடி அரசின் பார்வைக்குப் போக வேண்டும். எத்தனை நாள் அவகாசம், பதில் வராவிட்டால் என்ன பொருள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் கருத்தில், பதில் வராததை ‘மறுப்பு’ என்று கொள்வதே நேர்மை.
- முடிவு: வேலை முடிந்ததும் எந்தப் பிரதியும் ஆய்வாளரிடம் தங்காது.

பல்கலைக்கழகத்தின் வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் இரண்டு கண்ணிகள் உண்டு. ‘இந்த ஒப்பந்தம் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது’ என்ற வரி ஒன்று. பழங்குடி அரசு தன்மேல் வழக்குத் தொடர முடியாத இறையாண்மைப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக வரும் வரி மற்றொன்று. இரண்டையும் பழங்குடி அரசின் வழக்கறிஞர் ஏற்க மாட்டார். பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு நீக்கத் தயங்கும். இந்த இழுபறியில் மாதங்கள் போகும். அதனால் நிதி விண்ணப்பம் எழுதும்போதே இரு வழக்கறிஞர்களையும் பேசவைத்துவிடுங்கள்.

நிதி கொடுப்பவரின் தரவுப் பகிர்வு விதியையும் இப்போதே பாருங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பகிர்வுக் கொள்கை 2023 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது. பழங்குடித் தரவுக்கென்று துணை வழிகாட்டலும் அதில் உண்டு. பழங்குடி அரசு மறுத்தால் பொதுக் களஞ்சியத்தில் வைக்க மாட்டோம் என்பதைத் தரவுத் திட்டத்திலேயே எழுதுங்கள். கனடாவில் 1998 முதல் வழங்கும் உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்ற நான்கு கோட்பாடுகளும், 2019-இல் உலகத் தொல்குடித் தரவுக் கூட்டணி வெளியிட்ட ‘கேர்’ கோட்பாடுகளும் வரைவுக்கு நல்ல சட்டகங்கள். ஆனால் அவற்றின் பெயரைச் சொல்வதோடு நிற்கும் ஒப்பந்தம் யாரையும் காப்பாற்றாது. மேலே சொன்ன ஐந்தும் தனித்தனி உட்பிரிவுகளாக இருக்க வேண்டும்.

5. ஆய்வு நெறிமுறை அனுமதி

நவஹோ போன்ற சில அரசுகளுக்குச் சொந்த மனித ஆய்வுப் பரிசீலனை வாரியம் உண்டு. இல்லாத இடத்தில் இந்தியச் சுகாதாரச் சேவையின் வட்டார வாரியத்தையோ பழங்குடிக் கல்லூரியின் வாரியத்தையோ மன்றம் கைகாட்டக்கூடும். பல்கலைக்கழக வாரியம் ‘விலக்கு’ என்று முத்திரை குத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான பிழை. மனித ஆய்வுகளுக்கான திருத்தப்பட்ட கூட்டாட்சிப் பொது விதி பழங்குடி அரசின் சட்டத்தையும் கணக்கில் எடுக்கிறது. பழங்குடிச் சட்டம் கூடுதல் பரிசீலனை கோரினால் அதுவும் தேவை. வரிசை: முதலில் பழங்குடி வாரியம், பிறகு பல்கலைக்கழகம். மாற்றிச் செய்தால் பழங்குடி வாரியம் கேட்கும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பல்கலைக்கழகத்திடம் மறுபடி போக வேண்டிவரும்.

6. எந்த மக்கள்தொகை என்பதை முடிவு செய்யுங்கள்

விகிதத்தின் கீழே எந்த எண்ணைப் போடுகிறீர்கள் என்பது வெறும் கணக்கு வேலையல்ல. யார் இந்தப் பழங்குடி நாட்டின் குடிமக்கள் என்று சொல்லும் வேலை அது.

2020 கணக்கெடுப்பில் தங்களை அமெரிக்க இந்தியர் அல்லது அலாஸ்கா பூர்வகுடி என்று மட்டும் பதிந்தவர்கள் 37 லட்சம் பேர். வேறு இனத்தோடு சேர்த்துப் பதிந்தவர்களையும் கூட்டினால் 97 லட்சம். இரண்டுமே தன்னறிவிப்பு, எந்தப் பழங்குடியின் உறுப்பினர் பட்டியலோடும் ஒத்துப்போகாது. நம் எடுத்துக்காட்டில் சட்டத்தின் அளவுகோல் வேறு: குழந்தை தானே உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது உறுப்பினராகத் தகுதியுள்ளதாகவும் உறுப்பினர் ஒருவரின் பெற்ற குழந்தையாகவும் இருக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியது பதிவு அலுவலகம் மட்டுமே.

தவறான எண் என்ன செய்யும் என்பதற்கு 2020 சான்று. கொரோனா நிவாரணமாகப் பழங்குடி அரசுகளுக்கு ஒதுக்கப்பட்ட 800 கோடி டாலரின் முதல் பங்கீட்டுக்கு, கருவூலத் துறை வீட்டுவசதி மானியத் திட்டத்தின் மக்கள்தொகை எண்ணைப் பயன்படுத்தியது. ஓக்லஹோமாவின் ஷானி பழங்குடிக்கு அந்தப் பட்டியலில் மக்கள்தொகை பூஜ்யம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவு உறுப்பினர்கள் இருந்தும் குறைந்தபட்சத் தொகையான ஒரு லட்சம் டாலர்தான் கிடைத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021-இல் வந்த 2,000 கோடி டாலரில் 100 கோடி சமமாகப் பகிரப்பட்டது. மீதியில் 65 விழுக்காடு உறுப்பினர் எண்ணிக்கைப்படியும் 35 விழுக்காடு பழங்குடி அரசின் வேலைவாய்ப்புப்படியும் பகிரப்பட்டது. உங்கள் அட்டவணையின் கீழ்வரி நாளை யாரோ ஒருவரின் பங்கீட்டுச் சூத்திரமாக மாறலாம்.

கணக்கெடுப்புத் தரவைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் கவனிக்க வேண்டியவை:

- ரிசர்வேஷன்களில் வாழும் பழங்குடியினரில் 2010-இல் நிகரமாக 4.88 விழுக்காடு, 2020-இல் 5.64 விழுக்காடு பேர் விடுபட்டார்கள். அறிக்கையில் இதைச் சொல்லுங்கள்.
- 2020-இன் சிற்றூர் எண்களில் தனியுரிமைக்காக வேண்டுமென்றே சிறு மாற்றம் சேர்க்கப்பட்டுள்ளது. மிகச் சிறிய இடங்களுக்கு வயதுவாரி எண்களை நம்பாதீர்கள்.
- அமெரிக்கச் சமூக மாதிரிக் கணக்கெடுப்பின் ஓராண்டு எண்கள் 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கே கிடைக்கும். பெரும்பாலான ரிசர்வேஷன்களுக்கு ஐந்தாண்டு எண்கள்தான். 2015–2019-ஐ 2016–2020-உடன் ஒப்பிட்டு ‘மாற்றம்’ என்று எழுதாதீர்கள். நான்கு ஆண்டுகள் இரண்டிலும் உள்ளன.
- கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) எண் ரிசர்வேஷன் எண் ஆகாது. ஓக்லஹோமாவின் பழங்குடிப் புள்ளியியல் பகுதிகளில் பழங்குடி அல்லாதவர்களும் பெருமளவில் வாழ்கிறார்கள்.

பிழை எல்லையைக் கட்டாயம் கணக்கிடுங்கள். அமெரிக்கச் சமூக மாதிரிக் கணக்கெடுப்பில் அது 90 விழுக்காடு நம்பிக்கை அளவில் தரப்படுகிறது, 1.645-ஆல் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். ஓர் ஊரில் 240 சிறுவர்கள், பிழை எல்லை 130 என்று வைத்துக்கொள்வோம். திட்டப் பிழை 79. மதிப்பீட்டில் அது 33 விழுக்காடு. இவ்வளவு ஆடும் எண்ணை வைத்து ஒரு பணியிடத்தை நியாயப்படுத்தினால் மாநிலத்தின் வழக்கறிஞர் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

7. இருக்கும் பதிவேடுகள், பிறகு சொந்தக் கணக்கெடுப்பு

புதிய வினாத்தாள் அச்சிடும் முன் அலுவலக அலமாரிகளைப் பாருங்கள். மாநில அமைப்புகள் சிறார் வழக்கு அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பழங்குடி அரசு அதைப் பெற்றபின் குறைந்தது 10 நாள் கழித்தே விசாரணை. ஆகவே தபால் பதிவேட்டிலேயே பாதி விடை இருக்கிறது: அறிவிப்பு வந்த தேதி, விசாரணைத் தேதி, பதில் போன தேதி, மாற்றக் கோரிக்கை தாக்கலானதா, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது. இந்த ஐந்து பத்திகளே பல சமயம் போதும். அறிவிப்பு தவறான அலுவலகத்துக்கோ பழைய முகவரிக்கோ போயிருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. சரிசெய்யச் செலவும் இல்லை.

குடும்பங்களைக் கேட்க வேண்டியிருந்தால் அளவைக் கணக்கிடுங்கள். 900 குடும்பங்கள், 5 விழுக்காடு பிழை, 95 விழுக்காடு நம்பிக்கை என்றால் சுமார் 270 பதில்கள் தேவை. பத்தில் ஆறு பேர் பதிலளிப்பார்கள் என்றால் 450 வீடுகளை அணுக வேண்டும். உறுப்பினர் பட்டியலை நீங்கள் கேட்டு வாங்காதீர்கள். பதிவு அலுவலகமே குலுக்கி எடுத்து உங்களுக்கு எண்களை மட்டும் தரட்டும். வினவுபவர்கள் அந்த ஊர்க்காரர்களாக, ஊதியம் பெறுபவர்களாக இருக்கட்டும். சொந்தக்காரரிடம் சொல்லத் தயங்கும் கேள்விகளுக்கு மட்டும் வேறு கிராமத்தவரை அனுப்புங்கள்.

சிறு எண்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆண்டுக்கு 14 வழக்குகள் உள்ள இடத்தில் வயது, பால், ஊர் என்று பிரித்து அட்டவணை போட்டால் எந்தக் குழந்தை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். 10-க்குக் குறைந்த கட்டங்களை மறைத்து, பல ஆண்டுகளைச் சேர்த்துக் காட்டுங்கள். கூட்டல் வரியிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டாவது கட்டம் ஒன்றையும் மறைக்க வேண்டும்.

8. மன்றத்துக்கு எழுதுவது

இரண்டு பக்கம். முதல் பத்தியில் மன்றம் எடுக்க வேண்டிய முடிவு. அடுத்து மூன்று வழிகள், அதில் ஒன்று ‘இப்போதிருப்பதையே தொடர்வது’. ஒவ்வொன்றுக்கும் முதல் ஆண்டுச் செலவும் மூன்றாம் ஆண்டுச் செலவும். எந்த அரசியலமைப்புப் பிரிவின் கீழ் மன்றம் இதைச் செய்யலாம். எந்தத் துறை நடத்தும். ஆய்வு முறை பின்னிணைப்புக்குப் போகட்டும்.

மாநிலச் சராசரியோடு ஒப்பிட்டு ‘குறைவு, குறைவு’ என்று அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த ஒப்பீடு காரணத்தை மக்கள்மேல் போடுகிறது. பெரும்பாலும் காரணம் நிதியிலோ அதிகார வரம்பிலோ இருக்கும். அந்த அரசின் சென்ற ஆண்டு நிலையோடு ஒப்பிடுங்கள்.

தீர்மான வரைவையும் சட்டத் திருத்த வரைவையும் இணைத்தே கொடுங்கள். 1934-இன் மறுசீரமைப்புச் சட்டத்தின் காலத்து அரசியலமைப்புகள் சிலவற்றில் குறிப்பிட்ட சட்டங்களுக்கு உள்துறைச் செயலரின் ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவு இன்னும் உண்டு. அப்படி இருந்தால் கால அட்டவணையில் அந்த நாட்களையும் சேருங்கள்.

9. கூட்டாட்சிக் கலந்தாய்வுக்குக் கொண்டுபோகும்போது

2000-இன் நிர்வாக ஆணை 13175 கூட்டாட்சித் துறைகள் பழங்குடி அரசுகளோடு கலந்தாய வேண்டும் என்கிறது. இது அரசுக்கும் அரசுக்கும் நடக்கும் பேச்சு. ஆய்வாளர் அங்கே வாய்திறக்க வேண்டியதில்லை. கருத்துரை தலைவரின் கையெழுத்தில் போகட்டும், உங்கள் பெயர் வேண்டாம்.

அனுப்பும் ஒவ்வொரு தாளையும் வெளியாகிவிடக்கூடியதாகவே கருதுங்கள். பழங்குடி அரசுகள் உள்துறைக்கு எழுதிய நீர் உரிமை சார்ந்த கடிதங்களுக்குத் அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் துறை-உள் ஆவண விலக்கு (துறையின் உள் ஆவணங்களை வெளியிடாமல் வைக்கும் அனுமதி) பொருந்தாது என்று 2001-இல் க்ளாமத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புனித இடங்களின் வரைபடம், மூலத் தரவு, பேரத்தின் கடைசி நிலைப்பாடு ஆகியவற்றை எழுத்தில் அனுப்பாதீர்கள். சுருக்க எண்கள் போதும். மற்றவை நேரில் பேசப்படட்டும்.

10. ஒப்படைப்பு

மூலத் தரவு, நிரல், மாறிகளின் விளக்கப் பட்டியல், வெற்று வினாத்தாள், ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். அங்கே ஓர் ஊழியர் உங்கள் உதவியின்றித் தலைமை அட்டவணையைத் தானே மறுபடி ஓட்டிப் பார்த்து அதே எண் வந்தால்தான் ஒப்படைப்பு முடிந்தது. வராவிட்டால் விளக்கப் பட்டியலில் எங்கோ ஒரு படி விடுபட்டிருக்கிறது. அதை எழுதிச் சேர்த்த பின்பே உங்கள் கணினியில் உள்ள பிரதிகளை அழித்து, அழித்ததற்கான கடிதத்தை மன்றச் செயலாளரிடம் கொடுங்கள்.